தைத்தொட்டலா, மூட்டொட்டா? மரக் கயாக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அடையாற்றிலிருந்து

அன்புடையீர், வணக்கம். வீட்டிலேயே மரக் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) கட்டும் கிட் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், ஞாயிறு வகுப்பு. 'ஸ்டிச் அண்ட் க்ளூ' என்ற இடத்தில் நிற்கிறது.

முறை இது. 4 மி.மீ. மரைன் பிளைவுட் பலகைகளின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, ஏறத்தாழ 10 செ.மீ.க்கு ஒரு துளை. துளைகளில் 1 மி.மீ. செம்புக் கம்பியைக் கோத்து வெளிப்பக்கம் முறுக்கினால், தட்டைப் பலகை படகாக வளைந்து எழும். கம்பிகளுக்கு இடையில் எபாக்ஸி (இரு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை) பொட்டு வைத்து, இறுகியதும் கம்பியை உருவிவிட்டு, உள்மூலை நெடுக மரத்தூள் குழைத்த எபாக்ஸியைக் குழிவாகப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழை நாடா ஒட்டவேண்டும். என் வரைவு: தைத்தொட்டல். சரிதானா?

மயிலாப்பூரிலிருந்து

தைத்து + ஒட்டல், குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. இலக்கணம் சரி. ஆனால் இதைவிடப் பழைய வேர் நம்மிடம் உண்டு: துன்னம். சிலப்பதிகாரத்துப் புகாரில் துணி தைப்பவர் துன்னகாரர், தோல் தைப்பவர் தோலின் துன்னர். துன்னுதலுக்கு நெருங்குதல் என்றும் பொருள். இரு விளிம்பு நெருங்குவதும் தைபடுவதும் ஒரே சொல்லில் அடங்குவது எவ்வளவு பொருத்தம்! துன்னொட்டு என்று வைக்கலாம்.

ராயபுரத்திலிருந்து

ஐயா, வேர் அழகுதான். ஆனால் வகுப்பு நடப்பது சென்னையில். இங்கே 'துன்னு' என்றால் சாப்பிடு. மாணவர் காதில் வேறெதுவும் விழாது.

வடசென்னையில் எந்தக் கைலிக் கடைக்கும் போய்ப் பாருங்கள். 'மூட்டித் தரணுமா?' என்றுதான் கேட்பார்கள். இரண்டு ஓரத்தைச் சேர்த்துத் தைத்து வளையமாக்குவது மூட்டுதல். பலகைக்கு நாம் செய்வதும் அதுவே. மூட்டொட்டு.

மயிலாப்பூரிலிருந்து

> மூட்டொட்டு

இது வினைத்தொகை. மூட்டிய, மூட்டுகின்ற, மூட்டும் ஒட்டு என்று விரியும். அதாவது பசையின் பெயராகிவிடும், முறையின் பெயராகாது. எலும்பு மூட்டு நினைவும் வரும்.

திருவான்மியூரிலிருந்து

வேரைத் தேடுமுன் வேலையைப் பார்க்கவேண்டும். இந்த முறையில் தையல் நிற்பதில்லை. துறைமுகம் கட்டுமுன் சென்னைக் கடற்கரையில் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகை நினையுங்கள். ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்தது. அலை மோதும்போது இழைந்துகொடுக்கும். அங்கே தையல்தான் படகு. கயாக்கில் வலு முழுவதும் குழிவுப் பூச்சிலும் கண்ணாடியிழையிலும் இருக்கிறது, கம்பி வெறும் பிடிமானம். 'தை' என்று தொடங்கினால் கம்பியை இறுக்க இறுக்க வலு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதிகம் முறுக்கினால் கம்பி பிளைவுட்டின் ஓரத்தை அறுத்துக்கொண்டு வந்துவிடும். சிறு இடைவெளி இருந்தால் குற்றமில்லை, பூச்சு நிரப்பும்.

எபாக்ஸி வைக்குமுன் அணியத்தருகில் (முன்முனை) ஒன்று, அமரத்தருகில் (பின்முனை) ஒன்று என இரு நேரான குச்சிகளைக் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து ஒரே கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் படகு முறுகியிருக்கிறது. எபாக்ஸி இறுகிவிட்டால் அந்த முறுகலைத் திருத்தவே முடியாது.

ஆகவே கட்டி ஒட்டல். கம்பி கட்டும் தொழிலாளி கட்டுக்கம்பியைக் கொறடால் முறுக்குவதும் இதே கைவேலைதான். கட்டுமரம் பிறந்த கரையில் 'கட்டு'க்கு என்ன குறை?

ராயபுரத்திலிருந்து

குறை இருக்கிறது, தம்பி. 'கட்டி' என்றதும் ஹார்டுவேர் கடையில் கட்டுக்கம்பியே வாங்கிவந்துவிடுவார்கள். அது இரும்பு. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் உப்புக்காற்றில் துருப்பிடித்து வார்னிஷுக்கு அடியில் கறை படரும். செம்பு அறுந்து நின்றால் அரத்தால் தேய்த்துச் சமன்செய்து விட்டுவிடலாம்.

தையல் நிற்பதில்லை என்பது தடையாகாது. தையற்கலைப் பாடத்தில் தற்காலிகத் தையல் என்றே ஒரு வகை உண்டு. பிரித்தெடுத்தாலும் அது தையல்தான்.

அடையாற்றிலிருந்து

இன்னொரு சிக்கல். பிளைவுட்டை 'ஒட்டுப்பலகை' என்று எழுதியிருக்கிறேன். ஒட்டுப்பலகையைத் தைத்தொட்டுவது என்று வாசித்தால் நாக்கு தடுக்குகிறது.

திருவான்மியூரிலிருந்து

பிளைவுட் என்றே போடுங்கள். கடையில் அப்படித்தான் கேட்கவேண்டும்.

சொல்லைவிட அவசரமான ஒன்று: கையேட்டின் நேரக்கணக்கு குளிர்நாட்டுக்கானது. 25 பாகை செல்சியஸில் அரைமணி இறுகாமல் தாங்கும் எபாக்ஸிக் கலவை 35-இல் அதில் பாதிதான் தாங்கும். மெதுவாக இறுகவைக்கும் ஹார்டனர் (எபாக்ஸியில் கலக்கும் இரண்டாம் திரவம்) வாங்கச் சொல்லுங்கள். கலந்ததைக் கோப்பையில் விட்டுவைக்காமல் உடனே அகலத் தட்டில் பரப்பவேண்டும், இல்லாவிட்டால் சூடேறிப் புகையும். வெறும் மரத்துக்கு முதல் பூச்சு மாலையில். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளிவரும். நம் ஈரக்காற்றில் மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியும். முதலில் தண்ணீரில் கழுவி, பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு பிடிக்காது.

அடையாற்றிலிருந்து

இதை அப்படியே 6-ஆம் பக்கத்தில் கட்டம்போட்டுச் சேர்க்கிறேன், நன்றி. நாள் இல்லை. தலைப்பில் 'தைத்து ஒட்டும் முறை' என்று பிரித்தே எழுதுகிறேன். வேறு மூவர் தனிமடலில் இதற்கே இசைந்தார்கள்.

மயிலாப்பூரிலிருந்து

அது விளக்கம், கலைச்சொல் அன்று. 'தைத்து ஒட்டும் முறைக் கயாக்கின் தைத்து ஒட்டும் முறைப் பொருத்து' என்று ஒருநாள் எழுதவேண்டி வரும், அப்போது துன்னத்தைத் தேடுவீர்கள். என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்கிறேன்.

ராயபுரத்திலிருந்து

தலைப்பு எதுவானாலும், 4-ஆம் பக்கத்தில் 'பலகைகளைத் தைக்கவும்' என்பதை மட்டும் 'ஓரங்களை மூட்டவும்' என்று மாற்றுங்கள் அம்மா. பலகையின் நடுவில் துளை போட்டுவிடப் போகிறார்கள்.