‘தொன்னே’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

எஃகுக் குண்டுகளை ஒரு சிறு குண்டுக்கு அருகே வீசும் பிரெஞ்சு ஆட்டம் பெத்தாங்க். அதற்குக் ‘குண்டு’, ‘குறிக்குண்டு’ (இலக்கான அந்தச் சிறு குண்டு), ‘வட்டம்’ (நின்று வீசும் இடம்) மூன்றும் சிக்கலின்றி அமைந்துவிட்டன. ‘தொன்னே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மட்டும் இன்னும் தமிழ் அமையவில்லை. வீசிய குண்டு முதலில் தரையைத் தொடும் இடம் அது. ஒலிபெயர்த்தால் பிரசாதத் தொன்னைதான் நினைவுக்கு வருகிறது. ‘விழுபுள்ளி’ என்று வைக்கலாமா?

பிரான்சில் முதன்முறை ஆடும் வெளிநாட்டாருக்கு இதைவிடத் தேவையான சொல் இல்லை. 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் குறிக்குண்டிலேயே கண் வைத்து வீசுவார்கள். 700 கிராம் எஃகு அதைத் தாண்டி ஓடிவிடும். பார்க்க வேண்டியது தொன்னேயை. 8 மீட்டர் ஆட்டத்தில் உருட்டு வீச்சுக்கு அது வட்டத்திலிருந்து 2, 3 மீட்டரில் இருக்கும். அரைவீச்சுக்கு ஏறக்குறைய பாதி வழியில். உயரவீச்சுக்குக் குறிக்குண்டை ஒட்டி, சற்று முன்னால்.

—

> ‘விழுபுள்ளி’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. 13 புள்ளி எடுத்தவர் வெல்லும் ஆட்டம் இது. ‘புள்ளி எங்கே?’ என்று கேட்டால் எண்ணிக்கையா இடமா என்று குழம்பும். ‘விழுவிடம்’ என்றால் விடம் காதில் விழுகிறது. ‘விழுதடம்’ அழகுதான், ஆனால் தடம் என்பது குண்டு விழுந்தபின் பதிவது. விதி இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறது: குறிக்குண்டை வீசப்போகிறவர் தன் குண்டால் தரையை மூன்று தட்டுக்கு மேற்படாமல் தட்டித் தொன்னேயைச் சோதிக்கலாம், ஆடப்போகிறவரோ கூட்டாளியோ முன்பு ஆடிய குண்டு பறித்த குழி ஒன்றை மட்டும் மூடலாம். ஆகவே, ‘விழுமிடம்’. இனி விழப்போவதை ‘உம்’ காட்டிவிடுகிறது. பறித்தது ‘குழி’ என்றே இருக்கட்டும்.

விளக்கத்தில் தரையையும் சேர்க்க வேண்டும். மார்செய்ப் பக்கத்துச் சரளைத் தரையில் விழுமிடத்தில் ஒரு கூழாங்கல் இருந்தால் போதும், குண்டு பக்கவாட்டில் தெறிக்கும். கல்லை அகற்றவும் கூடாது. அதனால் ஒரு சாண் தள்ளி வேறிடம் தேர்வார்கள். விழுந்த குண்டு ஓடாமல் நிற்க, உள்ளங்கை கீழ்நோக்க வீசி, விரல்நுனியில் பின்சுழற்சி கொடுக்க வேண்டும். உள்ளங்கை மேல்நோக்க வீசினால் எவ்வளவு நல்ல விழுமிடமும் வீண்.

—

‘விழுமிடம்’ எனக்கும் சம்மதம். எடுத்துக்காட்டாக இந்த வாக்கியத்தைச் சேர்க்கலாம்: “கூட்டாளி விழுமிடத்தைக் காலால் சுட்டினார்.” களத்தில் அன்றாடம் நடப்பது இது. ஒருவர் வீசும்போது வட்டத்துக்கும் குறிக்குண்டுக்கும் நடுவே அவருடைய அணியினர் மட்டுமே நிற்கலாம். மொழி தெரியாத விருந்தாளிக்கு அந்தக் கால்நுனியே போதும். ஆனால் அங்கே குண்டு தரை தொடும்வரை தன் இரு காலும் வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். வட்டத்தின் விட்டம் 35 முதல் 50 சென்டிமீட்டர்தான்.

அடுத்து ‘கரோ’: எதிரணிக் குண்டை அடித்து விரட்டி, அடித்த குண்டு அதே இடத்தில் அமர்வது. ‘இடம்பிடி’ எனலாமா?