அவசரம்: தேடல் பெட்டி வேலை செய்யவில்லை

ஏரிக்கரை: எங்கள் ஊர் ஏரியின் பறவைகள், மீன்கள் பட்டியலுக்கு ஒரு வலைப்பக்கம் செய்திருக்கிறேன். தேடல் பெட்டியில் கொக்கு என்று தட்டினால் ஒன்றும் வருவதில்லை. பட்டியலில் கொக்கு கண்ணெதிரே இருக்கிறது! நாளைக் காலை பள்ளியில் காட்ட வேண்டும். உதவுங்கள்.

பனையோலை: எந்த உலாவி? உலாவி பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு எழுத்தில் ஏதாவது வருகிறதா? எதைக் கொண்டு தேடுகிறீர்கள்?

மின்மினி: ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தின் தொடக்கமான ஹெட் பகுதியில் வைத்திருப்பீர்கள். பக்கம் உருவாகும் முன்பே அது ஓடிவிடும். பக்கம் உருவான பிறகு ஓடச் சொல்லும் டிஃபர் சேருங்கள். எனக்கு எப்போதும் அதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

தாழ்ப்பாள்: எழுத்துருச் சிக்கல். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள்.

நெடுங்கணக்கு: எழுத்துரு கண்ணுக்கு மட்டுமே, சொற்களை ஒப்பிடுவதில் அதற்கு வேலையே இல்லை. உதவி கேட்பவரும் முதலில் பிழையை விவரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தச் சொல் வருகிறது, எது வரவில்லை என்றுகூடச் சொல்லாமல் யார் என்ன செய்ய முடியும்?

ஏரிக்கரை: மன்னியுங்கள் ஐயா. குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் இதே நிலை. கன்சோலில் பிழை இல்லை. மயில், நாரை, மைனா, தேன்சிட்டு வருகின்றன. கொக்கு, கோழி, மரங்கொத்தி வரவில்லை. ஒரு சொல்லுக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்க்லூட்ஸ் கொண்டு தேடுகிறேன். பட்டியல், பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது.

பனையோலை: வராத மூன்றிலும் கொ அல்லது கோ இருக்கிறது, பாருங்கள். பட்டியலில் உள்ள கொக்குக்கு லெங்த், அதாவது சேமித்த குறிகளின் எண்ணிக்கை, எவ்வளவு? நீங்கள் தட்டியதற்கு எவ்வளவு?

ஏரிக்கரை: பட்டியலில் 7. தட்டியதில் 6!

பனையோலை: அகப்பட்டுவிட்டது. யூனிகோடில் கொ என்பதை இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒப்பிடும் முன் பட்டியல் சொல், தட்டிய சொல் இரண்டையும் நார்மலைஸ் என்ற கட்டளை வழியே என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது குறிகள் சேர்ந்த ஒரே வடிவத்துக்கு, மாற்றுங்கள். 2015 முதல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே அது இருக்கிறது.

தாழ்ப்பாள்: இதற்காகத்தான் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியேற்றம் வேண்டும் என்கிறோம். ஓர் உயிர்மெய்க்கு ஓர் இடம். 2010இல் தமிழ்நாடு அரசே அதை ஏற்றது.

நெடுங்கணக்கு: அரசு யூனிகோடையும் சேர்த்துத்தான் ஏற்றது. டேஸ் 16, யூனிகோடு எந்த எழுத்துக்கும் ஒதுக்காமல் விட்ட தனிப்பயன் பகுதியில் இருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் கட்டங்கள்தாம் தெரியும்.

தாழ்ப்பாள்: அது எழுத்துரு தராதவர்களின் குறை, குறியேற்றத்தின் குறையன்று.

மின்மினி: இதைத் தனி இழையில் பேசுங்களேன். அவருக்கு நாளைக் காலைதான் கெடு.

ஏரிக்கரை: கொக்கும் கோழியும் வந்துவிட்டன! கௌதாரி மட்டும் வரவில்லை.

பனையோலை: பழைய கோப்பில் கெ போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருப்பார்கள். அதை நார்மலைஸ் திருத்தாது. அவசரத்தில் கெள என்பதை எல்லா இடத்திலும் ஒரே வீச்சில் கௌ என்று மாற்றிவிடாதீர்கள். மீன் பட்டியலில் கெளுத்தி கெட்டுவிடும்.

ஏரிக்கரை: கையால் திருத்தினேன். வருகிறது. நன்றி.