மதுரையிலிருந்து காரில் குமரி மாவட்டம், 3 ராத்திரி: எதை எங்கே, எந்த வரிசையில் வாங்குவது?

வைகைக்கரை கேட்டது:

மதுரையிலிருந்து காரில் நாலு பேர் வர்றோம். வியாழன் மதியம் நாகர்கோவில், ஞாயிறு காலை திரும்பணும். சுற்றிப் பார்ப்பது இரண்டாம்பட்சம்தான். வீட்டு விசேஷத்துக்குச் சாமான் வாங்கணும், நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டை ஒழுங்கா சாப்பிடணும்.

வாங்க வேண்டியவை: நேந்திரங்காய் சிப்ஸ் 5 கிலோ, முந்திரிப்பருப்பு 4 கிலோ, தேன், கருப்பட்டி, கிராம்பு, மட்டிப்பழம், பரதநாட்டியத்துக்கு ஒரு செட் கோயில் நகை, மல்லிகை 5 கிலோ. முடிந்தால் மீன்.

என் கேள்விகள்: ரூம் கன்னியாகுமரியில் போடலாமா, நாகர்கோவிலிலா? தோவாளை வழியில்தானே வருது, வரும்போதே பூவுக்குச் சொல்லிவிடலாமா? வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் எது கெடும்? எந்தக் கிழமையில் எது பூட்டியிருக்கும்?

நாஞ்சில் சாரதி:

ரூம் நாகர்கோவிலிலேயே போடுங்க. கன்னியாகுமரி மாவட்டத்தின் தெற்கு மூலையில் இருக்கு. அங்கே தங்கினால் மார்த்தாண்டம் போக ஒவ்வொரு தடவையும் நாகர்கோவிலைத் தாண்டிச் சுமார் 20 கிலோமீட்டர் கூடுதல் ஓட்டம். கார்த்திகை, மார்கழியில் வந்தீங்கன்னா ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் அங்கே ரூம் வாடகையும் ஏறிக் கிடக்கும்.

வரிசைதான் முக்கியம். கெடாத சாமான் முதல்ல, வாடுற சாமான் கடைசியில. வர்ற வழியில இருக்குங்கிறதுக்காக எதையும் வாங்காதீங்க. தோவாளை திரும்பும்போதும் அதே வழியிலதான் இருக்கு. அதனால நகையில தொடங்கி, மேற்கே போய் முந்திரி, தேன், கிராம்பு முடிச்சு, சனிக்கிழமை சிப்ஸ், பழம், மீன்னு வந்து, ஞாயிறு விடியக்காலைல தோவாளையில பூவை ஏத்திட்டு நேரா மதுரை.

சனிக்கிழமையோட கடை வேலையை முடிச்சிடணும். ஞாயிறு நம்ம மாவட்டத்துல நிறைய கடை திறக்காது, மார்த்தாண்டம், தக்கலை பக்கம் இன்னும் அதிகம். பத்மநாபபுரம் அரண்மனை பாக்கணும்னா திங்கள் விடுமுறை, உங்க தேதிக்கு அது தொந்தரவு இல்லை.

வியாழன் மதியம்: வடசேரி. கோயில் நகைக்கு அதுதான் இடம். 'நாகர்கோவில் கோயில் நகை'ங்கிற பேர்ல புவிசார் குறியீடு வாங்கின வேலை. காரை ஓட்டல்ல விட்டுட்டு ஆட்டோல போங்க, வடசேரி சந்துகள்ல வண்டி நிறுத்த இடம் கிடையாது. முதல் நாளே போகச் சொல்றதுக்குக் காரணம் உண்டு. செட்டுல ஏதாவது ஒண்ணு அளவு மாத்தணும்னாலோ, கொக்கி வைக்கணும்னாலோ சனிக்கிழமைக்குள்ள செஞ்சு தருவாங்க. முழு செட்டும் புதுசா செய்யச் சொன்னா வாரக்கணக்கு ஆகும். இருப்புல உள்ளதைத்தான் எடுக்க முடியும்.

கடைக்காரர்கிட்ட முதல் கேள்வி: அடியில வெள்ளியா, செம்பா? வெள்ளியில செஞ்சு பொன்முலாம் பூசினது ஒரு விலை, செம்புல செஞ்சது அதுக்கு ரொம்பக் கீழே. பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலவே இருக்கும். வெள்ளின்னா கிராம் எடையும் கூலியும் தனித்தனியா பில்லுல எழுதச் சொல்லுங்க. அப்புறம் செட்டை எண்ணிப் பாருங்க: நெத்திச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்கா மாலை, வங்கி, ஒட்டியாணம், மூக்குத்தி, புல்லாக்கு. 'செட்'ங்கிற வார்த்தைக்குக் கடைக்குக் கடை கணக்கு மாறும், ராக்கொடியும் ஒட்டியாணமும்தான் பெரும்பாலும் விடுபடும். ஒட்டியாண அளவை நாட்டிய உடைக்கு மேல சுத்தி எடுத்துட்டு வாங்க, வெறும் இடுப்பளவு பத்தாது. கெம்புக்கல்லுக்குப் பின்னால தகடு வச்சிருக்கும், தண்ணி புகுந்தா கல் கறுத்துப் போகும். கழுவவே கூடாது. ஆடி முடிச்சதும் வேர்வையை மெல்லிய பருத்தித் துணியால ஒத்தி எடுத்து, ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுத்தி வைங்க.

வெள்ளி காலை மார்த்தாண்டம். 30 கிலோமீட்டர்தானேன்னு அரை மணி கணக்குப் போடாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பாறைக்கல் ஏத்தின டாரஸ் லாரிகள் கேரளா பக்கம் வரிசையா போகும், பள்ளிக்கூட நேரத்துல தக்கலை நகராது. ஏழரைக்குள்ள நாகர்கோவிலை விட்டுடுங்க. இன்னொண்ணு: மார்த்தாண்டம் மேம்பாலத்துல ஏறினா கடைத்தெரு முழுசையும் தாண்டிக் குழித்துறை பக்கம்தான் இறங்குவீங்க. வரைபடம் மேலே ஏறச் சொல்லும். பாலம் தொடங்குற பம்மத்துலயே கீழ்ச்சாலையைப் பிடிங்க.

குழித்துறை அண்டிக்கடை:

முந்திரிப்பருப்பு, தேன், கிராம்பு மூன்றுக்கும் நான் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கருங்கல், அருமனை வட்டாரம் முழுக்க அண்டி ஆபீஸ்கள், அதாவது முந்திரித் தொழிற்சாலைகள். பருப்பின் தரத்தை எண்ணால் சொல்வார்கள். டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், 240 பருப்பு வரை. டபிள்யூ 320 என்றால் 320 வரை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் ஏறும். தாம்பூலப் பையில் போட, வறுத்துத் தட்டில் வைக்க 240 எடுங்கள். பாயசம், கேசரி, பொங்கலுக்கு முழுப்பருப்பு வீண் செலவு, இரண்டாகப் பிளந்தது போதும். 4 கிலோவையும் ஒரே ரகமாக வாங்காமல் 1 கிலோ முழுசு, 3 கிலோ பிளந்தது என்று பிரித்தால் கணிசமாக மிச்சம். நாலைந்து பருப்பைக் கடித்துப் பாருங்கள். 'கடக்' என்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது, வீட்டுக்குப் போனதும் பூஞ்சை பிடிக்கும். மூக்கில் எண்ணெய்க் காறல் அடித்தால் பழைய சரக்கு.

மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டத்துத் தேன். ரப்பர் பூவிலிருந்து வருவதல்ல. தளிர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் தை, மாசி தொடங்கிப் பங்குனி வரை சீசன். இந்தத் தேன் சீக்கிரம் உறையும். உறைந்தால் சீனி கலப்படம் என்று தூக்கி எறிகிறார்கள், அது தவறு. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, அதில் பாட்டிலை நிறுத்தினால் இளகும். அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தாளில் சொட்டுவது எதுவும் சோதனை ஆகாது. அக்மார்க் முத்திரையோடு, எடுத்த மாதம் எழுதியிருக்கும் பாட்டிலை வாங்குங்கள்.

விலையில் ஒரு கண்ணி உண்டு. 1 லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை. ஒரு கடை கிலோ விலை சொல்லும், இன்னொன்று லிட்டர் விலை சொல்லும். எது மலிவு என்று பார்க்கும் முன் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிறுதேன் (கொசுத்தேனீயின் தேன்) வாங்கினால் பாட்டில் கழுத்து வரை நிரப்ப வேண்டாம். அதில் நீர்ச்சத்து அதிகம், சூடான டிக்கியில் புளித்து மூடியைத் தள்ளிவிடும். அதை ஆட்கள் உட்காரும் பக்கம் வையுங்கள்.

கிராம்பு கன்னியாகுமரி மலைத்தோட்டங்களில் விளைவது, இதுவும் புவிசார் குறியீடு பெற்றது. நகத்தால் தண்டை அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தலைமொட்டு உதிராமல் இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்லது மூழ்கும் அல்லது நிமிர்ந்து நிற்கும்; படுத்து மிதப்பது எண்ணெய் எடுத்த சக்கை. வீட்டுக்கு 100 கிராம் தாராளம். அரைக் கிலோ வாங்கி அலமாரியில் வைத்து மணம் போக விடாதீர்கள்.

மதியச் சாப்பாடு மார்த்தாண்டத்தில் என்றால் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும். கிழங்கு மதியத்துக்கு மேல் ஆறி இறுகிவிடும், 12:30-க்குள் உட்காருங்கள்.

முட்டத்துக்காரன்:

மீன் பத்தி. தேதியைப் பாத்துக்கிடுங்க. விசைப்படகுத் தடைக்காலம் நம்ம மாவட்டத்துல ரெண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக மே மாசம் வந்தா சின்னமுட்டத்துக்குப் போகாம குளச்சல் போங்க. ஜூலைன்னா நேர்மாறு. வள்ளத்துல, அதாவது நாட்டுப்படகுல, பிடிக்கிற மீன் எப்பவும் கொஞ்சம் இருக்கும், விலைதான் கூடும்.

ஞாயிறு எங்க கடற்கரை ஊர்கள்ல பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டாங்க. அதனால சனிக்கிழமையே வாங்கிடணும். காலைல வள்ளம் கரையேறும்போது வாங்கினா ராத்திரி முழுக்க ஐஸ்ல வைக்கணும், அதுக்குத் தயாரா வாங்க. தெர்மாகோல் பெட்டி, மீன் 1 கிலோவுக்கு ஐஸ் 1 கிலோ, அடியில ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். உருகின தண்ணி வெளியே போக மூலையில ஒரு ஓட்டை, அதுக்குக் கீழே ஒரு தட்டு. ஓட்டை இல்லைன்னா மீன் அந்தத் தண்ணியில ஊறிச் சதை வெளுத்துடும். குடலையும் செவுளையும் அங்கேயே எடுத்துடுங்க, துண்டு போடாதீங்க. சாளை, நெத்திலி அவ்வளவு தூரம் தாங்காது. நெய்மீன், சூரை, வாவல் தாங்கும். நெத்திலி ஆசைன்னா கருவாடா வாங்குங்க. கையில அழுத்தினா மணல் ஒட்டக்கூடாது.

கன்னியாகுமரி கடைகள்ல பவளத்துண்டு, கடல்குதிரை மாதிரி ஏதாவது நீட்டினா வாங்காதீங்க. வனவிலங்குச் சட்டப்படி வச்சிருக்கிறதே குற்றம்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. கருப்பட்டி, சிப்ஸ், பழம், பூ இந்த நாலுக்கும் யாராவது சொல்லுங்க. மட்டிப்பழத்தையும் மல்லிகையையும் பின் சீட்டில் சேர்த்து வைக்கலாமா?

தோவாளை வடக்கூர்:

சேத்து வைக்காதீங்க. பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் வாயு வரும், மூடின காருக்குள்ள மொட்டு சீக்கிரம் விரிஞ்சு வாடும். பழம் டிக்கியில, பூ ஏ.சி. படுற இடத்துல.

முதல்ல ஒண்ணு. மதுரைக்காரங்க தோவாளையில 5 கிலோ மல்லிகை வாங்கறது வேண்டாத வேலை. உங்க ஊர் மல்லியே தோல் தடிச்சு நாள் தாங்கும். இங்கே வாங்க வேண்டியது பிச்சிப்பூவும், மாணிக்க மாலையும். அரளி இதழையும் இலையையும் மடிச்சு, மணி பதிச்ச மாதிரி கட்டுற மாலை, 2025-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. சந்தையில போய் நின்னு கேட்டா கிடைக்காது. வியாழன் வர்ற வழியில பூ வாங்காம இதுக்கு மட்டும் அளவும் நீளமும் சொல்லி முன்பணம் குடுத்துட்டுப் போங்க.

ஞாயிறு 5 மணிக்குச் சந்தைக்கு வந்திடுங்க, ஏழரைக்கு மேல நல்ல சரக்கு இருக்காது. முகூர்த்த நாளா, ஓணத்துக்கு முந்தின வாரமான்னு நாள்காட்டி பாருங்க, அன்னிக்கு விலை ரெண்டு மூணு மடங்கு ஏறும். பிச்சியை மொட்டா வாங்கி, வாழையிலை விரிச்ச மூங்கில் கூடையில பரப்பி, மேலே ஈரத்துணி. பாலிதீன் பையில கட்டினா வேர்த்து அழுகும். மதுரைக்கு நாலு மணி நேரம், தாங்கும்.

மட்டி: 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்ச பழம். தோல் மெல்லிசு, பழுத்ததை வாங்கினா ஆரல்வாய்மொழி தாண்டறதுக்குள்ள கறுத்துடும். வடசேரி கனகமூலம் சந்தையில நல்லா முத்தின பச்சைக் குலையா கேளுங்க. விசேஷத்துக்கு மூணு நாள் இருந்தா சரியா பழுக்கும். குலையைப் படுக்கப் போடாம, நிமிர்த்தி வச்சு ரெண்டு பக்கமும் பழைய போர்வை அண்டை குடுங்க.

சிப்ஸ்: சனிக்கிழமை காலையில 5 கிலோவுக்குச் சொல்லிட்டு, சாயங்காலம் எடுங்க. தேங்கா எண்ணெயில போட்டதுதானான்னு மணம் பாத்தாலே தெரியும். சூடா பையில கட்டினா ஆவி இறங்கி நமத்துடும். முழுசா ஆறினப்புறம் கட்டச் சொல்லுங்க. 5 கிலோ சிப்ஸுக்குத் தோலும் ஈரமும் போகச் சுமார் 20 கிலோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) வேணும். பச்சைக்காய் விலையை விசாரிச்சு நாலால பெருக்கினாலே சொல்ற விலை நியாயமான்னு புரியும். எண்ணெயும் கூலியும் அதுக்கு மேல. ரெண்டு வாரத்துக்குள்ள தீத்துடுங்க, அப்புறம் காறும்.

கருப்பட்டி: உடைச்சுப் பாருங்க. உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தா கலப்படம். நல்லது மங்கலா உடையும், நாக்குல லேசா உப்புக் கரிக்கும். பனைப்பொருள் கூட்டுறவுக் கடை இருந்தா அங்கே வாங்குங்க. காகிதத்துல சுத்தி, டிக்கியில வெயில் படாத பக்கம். இளகினா தேன் பாட்டில், நகைப்பெட்டி எல்லாத்துலயும் ஒட்டும். மாசி முதல் ஆனி வரைக்குள்ள வந்தா காலைல பதநீர் குடிங்க, இங்கே அக்கானின்னு கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க.

நாஞ்சில் சாரதி:

சாப்பாட்டை விட்டுட்டேன். காலைல புட்டு, பயறு, பப்படம், இல்லைன்னா ஆப்பம். ரசவடை 9 மணிக்குள்ள, ஊறிக் குழையறதுக்கு முன்னாடி. மதியம் ஒரு நாளாவது இலைச் சாப்பாடு. 'சம்பா சோறா, வெள்ளைச் சோறா'ன்னு கேப்பாங்க, சம்பா (சிவப்பரிசிச் சோறு) சொல்லுங்க. பருப்பு, அவியல், எரிசேரி, தீயல் எல்லாம் அதுக்குத்தான் பொருந்தும். பாயசமும் போளியும் வந்ததும் இலையை மூடிடாதீங்க, அதுக்குப் பிறகு ரசமும் மோரும் இருக்கு. சாயங்காலம் ஏத்தம்பழ பஜ்ஜி, உள்ளிவடை. முந்திரிக்கொத்து வாங்கினா தேங்கா வறுத்துச் சேத்ததான்னு கேளுங்க, பச்சைத் தேங்கான்னா மூணு நாளைக்கு மேல வைக்காதீங்க.

துணிப்பை நிறைய எடுத்துட்டு வாங்க, மெல்லிய பிளாஸ்டிக் பை கடையில தரமாட்டாங்க. ஞாயிறு காலை ஏத்தற வரிசை: மீன் பெட்டி டிக்கியில அடியில, பக்கத்துல கருப்பட்டி வேண்டாம், தேன் நிமிர்த்தி, சிப்ஸ் எல்லாத்துக்கும் மேல, வாழைக்குலை ஓரத்துல. பூவும் மாலையும் தோவாளையில ஏறும். அதனால பின் சீட்டுல நடு இடத்தைக் காலியா விட்டுட்டுக் கிளம்புங்க.