ஜிம்ல ஹிஜாப்: புதுப்பிப்பு

ஹிஜாபோட டிரெட்மில்ல ஏறக்கூடாதுன்னு எங்க வண்ணாரப்பேட்டை ஜிம்ல சொல்லிட்டாங்கன்னு போன வாரம் புலம்பியிருந்தேன்ல? பேசி முடிச்சாச்சு.

மாஸ்டர் சொல்றதுல பாதி நியாயம்தான். தொங்குற துப்பட்டா நுனி கேபிள் மெஷின்ல மாட்டினா கழுத்தைத்தான் இழுக்கும். அதுக்குன்னு தலையையே மூடக்கூடாதுன்னா எப்படி? சர்வதேசப் பளுதூக்குதல்லயே 2011-ல கை கால் மூடுற உடைக்கு ஒத்துக்கிட்டாங்க, கூடைப்பந்துல 2017-ல ஹிஜாப் தடையை எடுத்துட்டாங்கன்னு போன்ல காட்டினேன். "சரிம்மா, தொங்காம, பின் குத்தாம போட்டுட்டு வா"ன்னுட்டார்.

எம்.சி. ரோட்டுல லைக்ரா பிட்டு வாங்கினேன், அம்மா தச்சுக் கொடுத்தாங்க. நுனியை டி-ஷர்ட்டுக்குள்ள சொருகிட்டா ஸ்குவாட்லகூட அசையல. வேர்வையா? நம்ம ஊர்ல மூடினாலும் ஊத்தும், மூடாட்டியும் ஊத்தும்.

கார்த்திகை மாசம் ஐயப்பன் மாலை தொங்கத் தொங்க பெஞ்ச் பிரஸ் அடிக்கிற அண்ணனை யாரும் கேட்டதில்லையேன்னும் மாஸ்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார்.