அகத்தியர்கூடம் மூன்று நாள்: பை 13 கிலோ வருது, எதைக் குறைக்க?

மார்த்தாண்டம்காரன்:
அடுத்த மாதம் கேரளத்து அகத்தியர்கூடம் மலைக்கு பாஸ் கிடைத்திருக்கிறது. அடிவாரப் போணக்காட்டில் ஏறத் தொடங்கி, நடுவழி முகாமான அதிருமலையில் இரண்டு இரவு தங்கல். பையைக் கட்டித் தூக்கினால் 13 கிலோ. என் எடையே 58தான். உள்ளே டெண்ட், தடித்த கம்பளி, இரண்டு ஜீன்ஸ், எவர்சில்வர் பிளாஸ்க், பிரெட், ஜாம் பாட்டில், சூடுபண்ணிச் சாப்பிடுகிற குழம்புப் பாக்கெட்டுகள், ஒரு சீப்பு பழம். கடைக்காரர் பதினோராயிரத்துக்கு ஒரு லைட்வெயிட் பை காட்டுகிறார். வாங்கிவிடவா?

செங்கோட்டை பலசரக்கு:
தம்பி, அந்தப் பதினோராயிரத்தை முதலில் பையிலேயே வையுங்க. பை மாறினால் ஒரு கிலோ குறையும். உள்ளே இருப்பது மாறினால் ஆறு கிலோ குறையும்.

கடையில் எலெக்ட்ரானிக் தராசு இருப்பதால் மலைக்குப் போகும் முன் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். சரக்கு எடுக்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு ஜீன்ஸ் 700 கிராமுக்குக் குறையாது. நனைந்தால் அந்தக் காட்டு ஈரத்தில் மறுநாளும் காயாது. நம்ம ஈரிழைத் தோர்த்துத் துண்டு நூறு கிராம் சொச்சம். துவட்டலாம், கழுத்தில் சுற்றலாம், பிழிந்து பையின் மேல் போட்டால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். பாலியெஸ்டர் டிராக் பேன்ட் இரண்டு எடுங்க, ஒன்று நடக்க, ஒன்று படுக்க. படுக்கிறதை எக்காரணம் கொண்டும் நனைய விடாதீங்க.

டெண்டை வீட்டிலேயே விடுங்க. அதிருமலையில் கொட்டகையில்தான் படுக்கை, கூடாரம் அடிக்கிற இடமில்லை. கேன்டீனும் உண்டு, சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் எதற்கு அந்தக் குழம்புப் பாக்கெட்? அதில் பாதிக்கு மேல் தண்ணீர். மலையில் ஓடுகிற தண்ணீரை மார்த்தாண்டத்திலிருந்து சுமப்பானேன்? வழியில் கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று வரிசையாக ஓடுகிறது. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும், காலியாகக் காலியாக நிரப்பிக்கலாம். காய்ச்சாத தண்ணீர் ஒத்துக்காது என்றால் குளோரின் மாத்திரை எடுங்க, அதற்கு எடையே கிடையாது.

ஆக நீங்கள் கட்டவேண்டியது நடக்கும்போது தின்பதற்கு மட்டும்தான். அதை உலர்ந்த பண்டமாக எடுங்க. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 570 கலோரி, அவலில் 350, கருப்பட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவு. வாழைப்பழம் 90தான், அதுவும் தோலைக் கழித்து. ஒரு சீப்பைப் போணக்காடு வரை பஸ்ஸிலேயே தின்று தீர்த்துவிடுங்க.

நான் கட்டுவது பொரிவிளங்காய். அரிசியும் சிறுபயறும் சிவக்க வறுத்து அரைத்து, சுக்கு ஏலம் தட்டிப் போட்டு, வெல்லப்பாகில் பிடிக்கிற கல் உருண்டை. கடித்தால் பல் போகும். அதுதான் அதன் நல்ல குணமே. கன்னத்தில் அடக்கிக்கொண்டு வழியில் வரும் ஏழுமடக்குத்தேரி ஏற்றத்தில் ஏறத் தொடங்கினால் அரை மணி நேரம் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். பிடித்து வைத்தால் சீக்கிரம் கெடாது. கூடவே அவலும் பொடித்த கருப்பட்டியும் கலந்து ஒரு துணிப்பையில். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் வைத்தால் காலைப் பலகாரம் ஆச்சு. துணிப்பை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: போணக்காட்டு பிக்கெட் ஸ்டேஷனில், அதாவது வனத்துறைச் சோதனைச் சாவடியில், பையைக் கொட்டிப் பிளாஸ்டிக் பார்ப்பார்கள்.

பாலக்காட்டுப் பையன்:
அண்ணாச்சி சொல்வது அகத்தியர்கூடத்துக்குச் சரி. கேன்டீனே இல்லாத மலைக்குப் போகும்போது என்ன செய்வது? ஒரு கிலோவுக்குள் வரும் டெண்டும், இறகு ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கி வைத்தால் எல்லா இடத்துக்கும் ஆகும். ஊன்றி நடக்கிற வாக்கிங் போல் (கோல்) வேண்டாமா?

நாகர்கோவில் அக்கா:
போல் ஒன்று எடுங்க தம்பி, இறங்கும்போது முட்டி பிழைக்கும். 2018 கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு 2019 ஜனவரியிலிருந்துதான் பெண்களை மேலே விட்டார்கள். அதற்குப் பிறகு போனவள் நான். கனமான பூட்ஸ் வேண்டாம். காலில் கட்டும் எடை முதுகில் கட்டும் எடையைவிடச் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். நன்றாகப் பழகிய, பிடிமானமுள்ள ஷூ போதும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் அட்டை வரும். சாக்ஸ் மேல் மூக்குப்பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவிவிடுங்க.

செங்கோட்டை பலசரக்கு:
அக்கா சொன்ன மூக்குப்பொடி கைகண்ட மருந்து. பாலக்காட்டுத் தம்பி, டெண்ட் அடிக்கும் மலைக்கு டெண்ட் வேணும், யார் இல்லையென்றது? ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காற்றில் இறகு நனைந்தால் சூடே தராது, சிந்தெடிக்தான் நமக்குத் தோது. விலையும் பாதி.

இன்னொன்று. இரண்டாம் நாள் 1,868 மீட்டர் உச்சிக்குப் போகும்போது பெரிய பையை அதிருமலையிலேயே விட்டுவிட்டு ஒரு சின்னத் தோள்பையோடு ஏறுங்க. பொங்காலப்பாறை தாண்டியதும் கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறவேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்கணும். போலை மடக்கிப் பையில் சொருகிவிடுங்க.

மார்த்தாண்டம்காரன்:
எல்லாம் கழித்து மறுபடி நிறுத்தினேன், தண்ணீரோடு 6 கிலோ 400. கம்பளிக்குப் பதில் மெல்லிய ஸ்லீப்பிங் பேக். 20,000 mAh பவர்பேங்க் மட்டும் மனசு வரவில்லை அண்ணாச்சி.

செங்கோட்டை பலசரக்கு:
அது நானூறு கிராமுக்கு மேல் நிற்கும். பெரும்பாலான வழியில் சிக்னலே கிடையாது, போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் மூன்று நாள் படம் எடுக்கலாம். 10,000 ஒன்று போதும். ஹெட்லைட்டை மறக்காதீங்க, ராத்திரி வெளியே போக வேணும். பொரிவிளங்காய் வேணுமென்றால் மார்த்தாண்டம் சந்தையில் தேடாதீங்க, அம்மாவிடம் சொல்லி இப்போதே பிடிக்கச் சொல்லுங்க.