கன்டெய்னர் லாரி உரசிவிட்டது: இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா, கைக்காசில் முடித்துவிடலாமா?

திருவொற்றியூர்வாசி:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது நான்கு வயதான 1200 சிசி பெட்ரோல் கார். போன வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன, அதில் ஒன்று வரிசையை விட்டு ஒடித்து வெளியே வரும்போது அதன் வால் என் காரின் இடது பின்பக்கத்தை இழுத்துவிட்டது. பம்பர் கிழிந்தது, டெயில் லேம்ப் உடைந்தது, பின்கதவிலிருந்து கடைசிவரை நீளமாக ஒரு கோடும் பள்ளமும். யாருக்கும் அடியில்லை. டிரைவர் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார், பின்னால் ஹாரன் காதைப் பிளக்குது, வண்டி நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரியோடு 21,000 எஸ்டிமேட்: பம்பர் 6,500, லேம்ப் 3,500, டிங்கரிங் 4,000, பெயிண்டிங் 7,000. தண்டையார்பேட்டையில் தெரிந்த பட்டறைக்காரர் பம்பரை மாற்றாமல் ஒட்டி, பட்டி பார்த்து, 11,500-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். பாலிசி காம்ப்ரிஹென்சிவ், அதாவது என் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து, ஆனால் சாமான்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் பம்பர் டு பம்பர் கிடையாது. கிளெய்ம் போடாமல் இருப்பதற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதான் நோ கிளெய்ம் போனஸ், இப்போது 35 சதவீதம், ரின்யூவலுக்கு இரண்டு மாதம் இருக்கு. "வருஷா வருஷம் கட்டுறோமே, அப்புறம் எதுக்கு அந்த இன்சூரன்ஸ்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

ராயபுரம்_ஏஜென்ட்:
முதலில் 21,000 முழுசாக வரும் என்ற நினைப்பை விடுங்க சார். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி தேய்மானம், ஆக பம்பருக்கு 3,250, லேம்புக்கு 1,750 தான். டிங்கரிங் கூலி 4,000 முழுசாகக் கிடைக்கும். பெயிண்டிங் பில்லில் கால் பங்கை பெயிண்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 7,000-ல் 875 போய் 6,125. மொத்தம் 15,125. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு உங்கள் காருக்கு 1,000. கைக்கு வருவது சுமார் 14,125, அதுவும் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பள்ளத்தைப் பார்த்து "இது பழசு" என்று சொல்லாமல் இருந்தால்.

இப்போது இழப்பு. போனஸ் நம் வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டிக்குக் கிடையாது. தள்ளுபடிக்கு முன்னால் ஓன் டேமேஜ் 12,000 என்று வைத்துக்கொள்வோம், உங்கள் பாலிசியில் இருக்கும் தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்க. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ரின்யூவலில் 45, அதன்பின் 50, அங்கேயே நிற்கும். போட்டால் 0, அப்புறம் 20, 25, 35, 45 என்று மறுபடி அடியிலிருந்து ஏறணும். ஐந்து வருட வித்தியாசம் 5,400, 3,600, 3,000, 1,800, 600. கூட்டினால் 14,400, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் கிட்டத்தட்ட 17,000. வண்டி மதிப்பு வருஷா வருஷம் இறங்குவதால் பிரீமியமும் கொஞ்சம் குறையும், அதனால் 14, 15 ஆயிரம் என்று வைத்தாலும் லாபமில்லை. பட்டறையில் கொடுத்துடுங்க.

கொருக்குப்பேட்டை குமார்:
ஏஜென்ட் அண்ணன் கணக்கு சரி, ஆனால் அது ஐந்து வருஷம் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறவனுக்கு. நம்ம ரூட்டில் டிரெய்லருக்கு நடுவே தினமும் போகிறவன் இரண்டு வருஷத்தில் இன்னொரு இடி வாங்கி கிளெய்ம் போட்டால் அந்த போனஸ் எப்படியும் போகத்தான் போகுது, அதனால் 17,000 என்பது அதிகபட்ச இழப்பு, உண்மையான இழப்பு அதைவிடக் கம்மி. ஆனாலும் 11,500-க்கு வேலை முடியும்போது நானும் கிளெய்ம் போடமாட்டேன் பா. அடுத்த ரின்யூவலில் பம்பர் டு பம்பரும், கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காக்கும் ஆட்-ஆனும் (கூடுதல் பணம் கட்டிச் சேர்ப்பது) எவ்வளவு என்று கேட்டுப் பாருங்க.

இன்னொன்று, லாரியின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உங்க காரின் சேதத்தைக் கேட்க முடியும், அதனால் உங்க போனஸ் குறையாது. ஆனால் போலீஸ் புகார், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், வக்கீல் என்று போகும். 21,000-க்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஆளுக்கு அடிபட்டிருந்தால் பேச்சே வேற, அங்கே கையெடுத்துக் கும்பிட்டார் என்று விடவே கூடாது.

எர்ணாவூர் அக்கா:
சின்ன உரசலுக்குத்தான் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்க பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது ஞாபகமிருக்கும். பக்கத்து வீட்டுக் காருக்குள் சீட் வரைக்கும் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் அவங்க பையன் சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான், இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சு. சீட், வயரிங்குக்கு எல்லாம் பணம் கொடுத்த கம்பெனி, இஞ்சின் ஆட்-ஆன் இல்லை என்று இஞ்சினுக்கு மட்டும் கையை விரித்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் ஸ்டார்ட் பண்ணாமல், போட்டோ எடுத்து, அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லி, டோ பண்ணித்தான் எடுத்துப் போகணும். அப்போ போனஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நஷ்டம் நமக்குத்தான் தம்பி.

திருவொற்றியூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. என் பாலிசியில் தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ் 11,200, அப்படியே போட்டுப் பார்த்தாலும் கிளெய்மில் பெரிசாக எதுவும் மிச்சமில்லை, பட்டறைக்கே போகிறேன். ஒரு சிக்கல்: விவரம் கேட்கலாமென்று கால் சென்டருக்குப் பேசினேன், கிளெய்ம் நம்பர் என்று ஒரு மெசேஜ் வந்துவிட்டது. இதனால் போனஸ் போய்விடுமா?

ராயபுரம்_ஏஜென்ட்:
அப்படியே விடாதீங்க. கிளெய்ம் திறந்தே கிடந்தால் ரின்யூவலில் போனஸைப் பிடித்துவைப்பார்கள். வேண்டாம், பணம் எதுவும் வாங்கவில்லை, மூடிவிடுங்கள் என்று அந்த நம்பரைக் குறிப்பிட்டு இன்றே மெயில் போடுங்க, தொகை எதுவும் தராமல் மூடியாச்சு என்ற பதிலை எழுத்தில் வாங்கி வையுங்க. வேறு கம்பெனிக்கு மாறினாலும் அவர்கள் பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள், அப்போது அந்த மெயில்தான் பேசும். ரின்யூவல் தேதியையும் தள்ளிப்போடாதீங்க, பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் கிளெய்மே போடாதவனுக்கும் போனஸ் கிடையாது.