நீளமான ஹால், சோபாவை எங்கே போடுவது?

கேள்வி:
எங்கள் ஹால் 20 அடி நீளம், 10 அடி அகலம். ஒரு முனையில் வாசல், மறுமுனையில் பெரிய ஜன்னல். இப்போது எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் வெறும் தரைதான், பார்த்தால் ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது. டிவி 55 அங்குலம், ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்கலாமா? சாப்பாட்டு மேஜையும் இதே ஹாலில்தான் வர வேண்டும்.

பதில் 1:
ஜன்னல் பக்கம் வேண்டாம், பகலில் கண் கூசும். நீளச் சுவரில் மாட்டி எதிர்ச்சுவரில் சோபா போடுங்கள், 7, 8 அடி தூரம் கிடைக்கும், 55 அங்குலத்துக்கு அது சரியாக இருக்கும். டிவியின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தில் வரட்டும், பலர் உச்சத்தில் மாட்டிவிட்டு கழுத்து வலி என்கிறார்கள்.

பதில் 2:
ஹாலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள், 12 அடி உட்கார, மீதி சாப்பிட. நடுவே ஆளுயர அலமாரி எல்லாம் வைத்து வெளிச்சத்தை மறைக்காதீர்கள், ஒரு கம்பளம் விரித்து சோபாவின் முன்கால்கள் அதன் மேல் நிற்கும்படி போட்டாலே தனி இடமாகத் தெரியும். நடக்க 3 அடி, டீப்பாய்க்கும் சோபாவுக்கும் ஒன்றரை அடி. அப்புறம், எதையும் வாங்கும் முன் தரையில் டேப் ஒட்டி அளவு குறித்து நடந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
டேப் யோசனை நன்று. சுவருக்கு என்ன நிறம்?

பதில் 2:
அது கடைசியில். முதலில் சோபா துணியை முடிவு செய்யுங்கள், பெயின்ட் எந்த நிறத்திலும் கிடைக்கும், துணி கிடைக்காது.